குடித்த நீரை மீண்டும் குடிக்கலாமா? பொறியியலாளரை அழைக்குமுன் கேட்க வேண்டியவை

இரணைமடு வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள கிராமம் ஒன்றில் கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்தது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே அன்றைய பேச்சு. கூட்டம் முடிந்து தேநீர் வந்தபோது முதியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "சுவாமி, சிங்கப்பூரிலை கழிவுத் தண்ணியைச் சுத்தமாக்கிக் குடிக்கினமாமே, உண்மையோ? யாழ்ப்பாணத்துக்கும் அப்பிடிச் செய்தால் எங்கடை குளத்தை விட்டுவிடுவினமோ?"

அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதியவர் சிரிக்கவில்லை. அவருடைய கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. பாவித்த நீரை மீண்டும் குடிநீராக்க முடியுமா என்பது முதலாவது. அப்படி ஒரு திட்டம் வந்தால் அதை ஆராயும் பொறியியலாளர்கள் யாருக்காக ஆராய்வார்கள் என்பது இரண்டாவது. முதலாவதற்கு உலகம் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு நாம்தான் பதில் தேட வேண்டும். அதைப்பற்றியே இக்கட்டுரையில் வாசகர்களோடு பேச விரும்புகிறோம்.

தெரியாமல் குடித்துக்கொண்டே இருக்கிறோம்

பாவித்த நீர் என்றதும் முகம் சுளிப்பது இயல்பு. ஆனால் நாம் இதுவரை அதைக் குடிக்கவில்லை என்று எண்ணினால் அது தவறு. அருவியாறு, அதாவது மல்வத்து ஓயா, அநுராதபுர நகரைக் கடந்தே வவுனியாவின் மேற்குப் புறத்துக்கும் மன்னாருக்கும் வருகிறது. தேக்கம் அணையில் திரும்பிக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புவதும் அந்த நீர்தான். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்த எமது மக்களுக்குச் சுத்திகரித்துக் கொடுக்கப்பட்டதும் அந்த ஆற்று நீரே. மேலே ஒரு நகரம் குளித்துக் கழுவி விட்ட நீர், மண்ணிலும் வெயிலிலும் மணலிலும் ஓரளவு தெளிந்து, கீழே உள்ளவர்களின் குடமாகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைமை இன்னும் நெருக்கமானது. அங்கே சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய நீரே மக்களுக்கு ஆதாரம். ஒரே வளவில் ஒரு பக்கம் மலசலகூடக் குழி, மறு பக்கம் கிணறு. குழியிலிருந்து ஊறுவதும் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் அதே நிலத்தடி நீரில் சேருகின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி.

இதுவும் மீள்பாவனைதான். ஆனால் யாரும் திட்டமிடாதது, யாரும் அளக்காதது, யாரும் பொறுப்பேற்காதது. ஆகவே "மீண்டும் குடிப்பதா, வேண்டாமா" என்று கேட்பதைவிட, "கண்ணை மூடிக்கொண்டு குடிப்பதா, அளந்து பார்த்துக் குடிப்பதா" என்று கேட்பதே பொருத்தம்.

இரணைமடு சொல்லும் பாடம்

வன்னியில் நகரக் கழிவுநீரைக் குடிநீராக்கும் திட்டம் எதுவும் இல்லை. எனினும் ஒரு பெரிய குடிநீர்த் திட்டத்துக்காகப் பொறியியலாளர்கள் அமர்த்தப்பட்டு, ஆய்வுகள் செய்யப்பட்டு, ஈற்றில் திட்டமே திசைமாறிய வரலாறு எம் கண்முன்னால் நடந்தது.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல், சுகாதாரத் திட்டம் ஒப்புதல் பெற்றது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 27,000 கனமீற்றர் நீரை வடக்கே கொண்டுபோவது அதன் நோக்கம். இதற்கு ஈடாகக் குளத்தின் அணை உயர்த்தப்படும், வாய்க்கால்கள் திருத்தப்படும் என்றார்கள். அந்த வேலைகளைச் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு செய்தார்கள். முன்னர் ஏறத்தாழ 106,500 ஏக்கர் அடியாக இருந்த கொள்ளளவு ஏறத்தாழ 119,500 ஏக்கர் அடியாகியது.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 27,000 கனமீற்றர் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 ஏக்கர் அடி. அணை உயர்ந்ததால் கூடியதோ 13,000 ஏக்கர் அடி. கடதாசியில் கமக்காரனுக்கு நட்டம் இல்லை, இலாபம்கூட உண்டு. அப்படியானால் 2012, 2013ஆம் ஆண்டுகளில் கமக்காரர் ஏன் எதிர்த்து நின்றார்கள்? அறியாமையாலா? குடாநாட்டு மக்கள்மேல் கொண்ட பகையாலா?

இரண்டும் இல்லை. அணை உயர்ந்தால் கொள்ளளவு கூடும், மழை கூடாது. மாரி பொய்த்த ஆண்டில் உயர்த்திய அணைக்கும் பழைய அணைக்கும் வித்தியாசம் இல்லை. நல்ல ஆண்டிலேயே சிறுபோகத்தில் குளத்தின்கீழ் உள்ள இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கரில் ஒரு பகுதிதான் விதைக்கப்படுகிறது. ஓர் ஏக்கர் சிறுபோக நெல்லுக்குக் குளத்தில் ஐந்து ஏக்கர் அடி நீர் வேண்டும் எனக் கொண்டால், அந்த 8,000 ஏக்கர் அடி 1,600 ஏக்கருக்குச் சமம். தண்ணீர் நிறைந்த ஆண்டில் அது சிறு துளி. வரட்சி ஆண்டில் பல குடும்பங்களின் ஆண்டுச் சோறு. கமக்காரர் கேட்டது இதுதான்: "சராசரி ஆண்டைச் சொல்லாதேங்கோ. மழை இல்லாத ஆண்டில் முதலில் யாருக்கு அடைப்பியள்?" இதற்கு எழுத்தில், கையொப்பத்தோடு அவர்கள் நம்பத்தக்க பதில் ஒன்று கிடைக்கவில்லை.

முடிவில் திட்டம் கடலை நோக்கித் திரும்பியது. வடமராட்சி கிழக்குத் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கேயும் உவர்க்கழிவு கடலில் விடப்பட்டால் மீன்பாடு என்னாகும் என்று கடற்றொழிலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஒப்புதலுக்கும் திறப்புக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் சென்றுவிட்டன. அந்தப் பதினான்கு ஆண்டுகளும் குடாநாட்டுத் தாய்மார் நைத்திரேற்றுக் கிணற்றிலேயே அள்ளினார்கள்.

இதில் பொறியியலாளரின் கணக்குப் பிழை என்று நாம் கூறவில்லை. அவரிடம் கொடுக்கப்பட்ட கேள்விதான் குறைவானது. "குளத்திலிருந்து இவ்வளவு நீர் எடுக்க முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்பார். "யாருக்கும் நட்டமின்றிக் குடிநீர் பெற என்னென்ன வழிகள் உண்டு?" என்று கேட்டிருந்தால் குளம், கடல், மழைநீர், பாவித்த நீர் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து நிறுத்திருப்பார்.

பிற நாடுகள் எப்படி ஆராய்ந்தன

ஆபிரிக்காவில் நமீபியாவின் தலைநகர் வின்ட்ஹூக் எமது வன்னியைவிட வரண்ட பூமி. 1968இலேயே அந்நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீர்க் குழாயில் சேர்க்கத் தொடங்கியது. 2002இல் நாளுக்கு 21,000 கனமீற்றர் தரும் புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. அவர்கள் செய்த முதல் காரியம் எந்திரம் வாங்கியது அல்ல. தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு கலக்காமல் வேறு வழியில் பிரித்து அனுப்பினார்கள். சாக்கடையில் எது சேர்கிறது என்பது தெரியாவிட்டால் எந்தச் சல்லடையையும் நம்ப முடியாது.

சிங்கப்பூர் 1974இலேயே ஒரு பரிசோதனை நிலையம் அமைத்தது. செலவு அதிகம், நம்பகம் குறைவு என்று கண்டு அதை மூடிவிட்டது. 1998இல் மீண்டும் ஆய்வைத் தொடங்கி, 2000ஆம் ஆண்டு நாளுக்கு 10,000 கனமீற்றர் சுத்திகரிக்கும் மாதிரி நிலையத்தை இயக்கி இரண்டு ஆண்டுகள் நீரைச் சோதித்தது. உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்று அதை மேற்பார்வை செய்தது. பொறியியலாளர் மட்டுமன்றி நச்சியல், நுண்ணுயிரியல், இரசாயனம் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். எலிகளுக்கும் மீன்களுக்கும் அந்நீரைக் கொடுத்து உடல்நலத்தைக் கவனித்தார்கள். 2003இல் நீர் வெளியிடப்பட்டபோதும் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கே போனது. சிறு பகுதிதான் நீர்த்தேக்கங்களில் கலந்து, மீண்டும் சுத்திகரிக்கப்பட்டு வீடுகளுக்குச் சென்றது. பொதுமக்கள் நேரில் வந்து பார்ப்பதற்கு ஒரு நிலையமும் திறந்து வைக்கப்பட்டது.

இதற்கு மாறான கதை அவுஸ்திரேலியாவின் துவூம்பா நகரத்தில் நடந்தது. கடும் வரட்சி; தேக்கங்கள் வற்றிப்போயின. பாவித்த நீரைச் சுத்திகரித்துத் தேக்கத்தில் கலக்கும் திட்டத்தை 2006 யூலையில் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். 62 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். நுட்பம் சிங்கப்பூரில் ஏற்கெனவே பயன்பட்ட அதே நுட்பந்தான். ஆனால் திட்டம் வரையப்பட்ட பின்னரே மக்களிடம் வந்தார்கள். சந்தேகம் முந்திக்கொண்டது, விளக்கம் பிந்திவிட்டது.

அண்டை நாட்டைப் பார்ப்போம். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றின. அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் ஒவ்வொன்றும் நாளுக்கு 45 மில்லியன் லீற்றர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அந்நீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவு நல்ல நீர் மக்களுக்கு மிஞ்சுகிறது. பெங்களூரின் சுத்திகரித்த நீர் 2018 முதல் வரண்ட கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்குப் பாய்கிறது. வற்றிய ஏரிகள் நிறைந்தன. அதேவேளை சுத்திகரிப்பு போதுமா, நிலத்தடி நீர் கெடுமா என்ற வழக்குகளும் எழுந்தன. பாவித்த நீரைக் குடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. அது வேறொருவரின் தேவையை நிறைவேற்றினால் அவர் பாவித்த நல்ல நீர் குடிக்க மிஞ்சும். இரணைமடு முதியவரின் கேள்விக்கு இது ஒரு பாதிப் பதில்.

நாமே செய்த பிழை

மற்றவர்களைப்பற்றி எழுதிவிட்டு எமது பிழையை மறைப்பது நேர்மை ஆகாது. காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளைப் பீடித்தபோது, ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிப்பு நிலையங்கள் கிராமம் கிராமமாக வந்தன. நாம் பணியாற்றிய கிராமம் ஒன்றிலும் அமைக்க முடிவெடுத்தோம். ஆய்வு செய்ய மூவரிடம் விலை கேட்டோம். குறைந்த விலை சொன்னவரைத் தெரிந்தோம். நன்கொடையாளரின் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுகிறோம் என்ற பெருமை வேறு.

அவர் தை மாதத்தில் வந்தார். மாரி மழை முடிந்து கிணறு நிறைந்திருந்த காலம். ஒரு நாள், ஒரு போத்தல் நீர், ஓர் அறிக்கை. ஆவணி மாதம் கிணறு இறங்கி நீர் உவர்த்து வன்மை கூடியபோது சவ்வுகள் அடைத்துக்கொண்டன. அதைவிட மோசமானது, வடித்துக் கழித்த நீர் எங்கே போகும் என்று அவரும் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை. உள்ளே போன நீரில் பாதிக்கு மேல் உப்பும் வன்மையும் செறிந்த கழிவாக வெளியேறிப் பக்கத்து வளவின் பள்ளத்தில் தேங்கியது. அந்த வளவுக்காரத் தாய் ஒருநாள் எம்மிடம் வந்து, "சுவாமி, ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி குடுத்தியள், என்ரை கிணத்தை உப்பாக்கிப்போட்டியள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கிணற்றை இறைத்து, கழிவை வேறிடத்துக்குக் குழாய் போட்டு மாற்ற நாம் செலவிட்ட பணம், நல்ல ஆய்வுக்குக் கேட்ட விலையைவிடப் பலமடங்கு அதிகம்.

அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு நாளுக்குரிய பணம் கொடுத்தோம், ஒரு நாள் வேலை செய்தார்.

பொறியியலாளரை எப்படி அமர்த்துவது?

வவுனியா இன்று வன்னியின் ஒரே மாநகர சபை. 2025 மேயில் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. பேராற்றை மறித்து நகருக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது. மக்கள்தொகை பெருகிக்கொண்டே போகிறது. இலங்கை முழுவதிலும் குழாய்வழிக் கழிவகற்றல் வசதி இருப்பது சனத்தொகையில் இரண்டு, மூன்று வீதத்தினருக்கே. எமது நகரங்கள் குழிகளையும் பவுசர்களையும் நம்பியவை. தாளையடியில் ஒரு கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ மூன்று, நான்கு அலகு மின்சாரம் தேவை. அவ்வளவு செலவில் பெற்ற நீரும் ஒருமுறை பாவித்தபின் குழிக்குள் போகிறது. பாவித்த நீரை அதே தரத்துக்குச் சுத்திகரிக்க இதில் பாதிக்கும் குறைவான மின்சாரம் போதும். ஆகவே இன்றோ பத்து ஆண்டுகளின் பின்னரோ "மீள்பாவனையை ஆராய்வோம்" என்று ஒருவர் கோப்போடு வருவார். அன்று எமது சபைகளும் சங்கங்களும் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கேள்வியை நாமே எழுத வேண்டும். ஆய்வின் வரையறை என்பது ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டளைப் பத்திரம். அதில் இல்லாததை அவர் செய்யமாட்டார். செய்யக் கடமையும் இல்லை. கமக்காரர், கடற்றொழிலாளர், தாய்மார், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரோடு இருந்து அதை எழுதவேண்டும். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, பின்னரே வெளியிட வேண்டும்.

இரண்டாவது, விலையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யக்கூடாது. இரண்டு உறை முறை என்று ஒன்று உண்டு. ஒரு உறையில் தகைமையும் வேலைத்திட்டமும்; மற்றதில் விலை. முதல் உறையைத் திறந்து புள்ளியிட்டு, தகுதி பெற்றவர்களின் விலை உறையை மட்டும் திறப்பார்கள். சர்வதேச வங்கிகள் தம் கடன் திட்டங்களில் இம்முறையைப் பின்பற்றுகின்றன. நாமும் சிறிய வேலைக்குக்கூட இதைச் செய்யலாம்.

மூன்றாவது, ஆராய்பவரும் கட்டுபவரும் வேறுவேறாக இருக்க வேண்டும். எந்திரம் விற்கும் கம்பனி இலவசமாக ஆய்வு செய்து தருகிறது என்றால் அதன் முடிவு ஆய்வுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. "இத்திட்டம் வேண்டாம்" என்று சொன்னாலும் முழுக் கூலி கிடைக்கும் என்ற உறுதி உள்ளவரே உண்மையைச் சொல்வார்.

நான்காவது, காலம். மாரியும் கோடையும் அடங்கிய ஓராண்டேனும் நீரை அளக்காத ஆய்வு எமக்கு வேண்டாம். குடிநீர் மீள்பாவனை என்றால் மாதிரி நிலையம் ஒன்றை இயக்கிக் காட்டவேண்டும். சவ்வு வடிப்பு, புறஊதாக் கதிர், குளோரின் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் இருப்பதன் காரணம், ஒன்று தவறினால் மற்றது காக்கவேண்டும் என்பதே. மின்சாரம் நின்றால் என்ன? சவ்வு கிழிந்தால் எத்தனை நிமிடத்தில் தெரியும்? நீரை யார் நிறுத்துவார்? இவற்றுக்குப் பதில் அறிக்கையில் இருக்கவேண்டும்.

ஐந்தாவது, கழிவின் கழிவு. வடித்து ஒதுக்கிய நீர் யாருடைய வயலுக்கு, யாருடைய கடலுக்கு, யாருடைய கிணற்றுக்குப் போகிறது என்பதை வரைபடத்தில் காட்டவேண்டும். எமக்கு அந்தத் தாய் கற்றுத்தந்த பாடம் இது.

ஆறாவது, கட்டிய பின் நடத்துபவர் யார்? பத்தாம் ஆண்டில் சவ்வு மாற்றப் பணம் எங்கிருந்து வரும்? ஆய்வுகூடம் எங்கே? பயிற்சி பெற்ற எம் பிள்ளைகள் எத்தனை பேர்? திறப்பு விழாவுக்கு வருபவர்கள் பராமரிப்புக்கு வருவதில்லை.

நம்பிக்கைக்குச் சுத்திகரிப்பு நிலையம் இல்லை

ஒன்றை மட்டும் எந்தப் பொறியியலாளராலும் செய்து தர முடியாது. அது மக்களின் நம்பிக்கை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக மக்கள் முறையிட்டபோது மாகாண மட்டத்தில் நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்ற அதன் முடிவை மக்களில் பலர் ஏற்கவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் நீதிமன்றம் அங்கு மின் நிலையம் நடத்திய கம்பனியைப் பொறுப்பாக்கி 20 மில்லியன் ரூபா செலுத்தப் பணித்தது. இந்த அனுபவத்தின் பின் "நிபுணர்கள் சொல்கிறார்கள்" என்பது மட்டும் வடக்கில் யாரையும் அமைதிப்படுத்தாது. ஆகவே நீர்ச் சோதனையின் முடிவுகள் மாதந்தோறும் பிரதேச சபை வாசலில், பாடசாலையில், ஆலயங்களில் ஒட்டப்படவேண்டும். கிராமத்தவர் தாமே ஒரு போத்தல் நீரை எடுத்து வேறோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப உரிமையும் பணமும் ஒதுக்கப்படவேண்டும்.

அந்த முதியவருக்கு அன்று நாம் சொன்ன பதில் இதுதான்: "ஐயா, உண்மைதான், குடிக்கினம். ஆனால் குடிக்கிறதுக்கு முன்னம் கனகாலம் அளந்து பார்த்தவை, அளந்ததை எல்லாருக்கும் காட்டினவை." அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்ப எங்கடை குளத்தையும் ஒருக்கால் அப்பிடி அளந்து எங்களுக்குக் காட்டச் சொல்லுங்கோவன்" என்றார்.

நியாயமான கோரிக்கை. குளத்து நீரோ, கடல் நீரோ, பாவித்த நீரோ, எதுவானாலும் அளப்பவர் எம் முன்னால் அளக்கட்டும். அவர் என்ன அளக்கவேண்டும் என்பதை எழுதும் மேசையில் கடைக்கோடி வயல்காரனுக்கும் ஒரு கதிரை இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் உங்கள் சங்கம் இதைப் பேசுமா? பேசி, அந்த முதல் கேள்விகளை இப்போதே எழுதி வைக்குமா? கோப்போடு வருபவர் வரும் நாளில் எழுத ஆரம்பித்தால் காலம் பிந்திவிடும்.